அந்தப் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது?

உங்களுக்குப் பிடித்த புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர்கள் யார், அவர்கள் பாணியில் எது ஈர்க்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்விக்குக் கீழே எழுதியிருந்த இரண்டு வரிதான் என்னை உட்கார்ந்து பதில் எழுத வைத்தது. கேமரா வாங்கி ஆறு மாதம் ஆகிறது, மேதைகளின் படங்களைப் பார் என்று எல்லாரும் சொல்கிறார்கள், பார்த்தேன், பாதிப் படங்கள் சாதாரணமாகத்தான் தெரிகின்றன, போனில் தினமும் வரும் படங்கள் இதைவிடப் பளிச்சென்று இருக்கின்றன என்கிறீர்கள். ஆக, பெயர்ப் பட்டியல் கொடுத்தால் உங்களுக்கு வேலைக்கு ஆகாது. 'பாணி' என்று இவர்களிடம் ஏதோ இருக்கிறதாமே, அது படத்தில் எங்கே இருக்கிறது, எனக்கு ஏன் கண்ணில் படவில்லை என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. 23 வருடமாகப் படம் எடுத்துப் பிழைக்கிறேன். முதல் ஒன்பது வருடம் பத்திரிகை வேலை, அப்புறம் போர்ட்ரெய்ட், இப்போது பாதி நேரம் சொல்லிக்கொடுப்பதில் போகிறது. கலை வரலாறு முறையாகப் படித்தவன் கிடையாது. அதனால் மற்றவர் படத்தைப் பார்த்தால் தொழில் புத்திதான் முதலில் எட்டிப் பார்க்கும்: இந்த ஆள் எங்கே நின்றார், எவ்வளவு நேரம் நின்றார், எதை வேண்டவே வேண்டாம் என்று ஒதுக்கினார்? மூன்றாவது கேள்விதான் பாணியை அதிகம் காட்டிக்கொடுக்கும். பளிச்சென்ற நிறத்தை யார் வேண்டுமானாலும் ஒரு பட்டனை அழுத்திக் கொண்டுவந்துவிடலாம். ஒன்றை வாழ்நாள் முழுக்கச் செய்யாமல் இருப்பதற்குத்தான் பிடிவாதம் வேண்டும்.

பிரெஞ்சுக்காரரான ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோனை எடுத்துக்கொள்வோம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இவரிடம்தான் முதலில் முட்டிக்கொள்கிறார்கள். 1932-இல் பாரிஸில் சான்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் அவர் எடுத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். தேங்கிய தண்ணீரை ஒருவர் தாண்டிக் குதிக்கிறார், அவ்வளவுதான். இன்னும் ஒரு நிமிடம் அந்தப் படத்தின் முன்னால் இருங்கள். அவருடைய குதிகாலுக்கும் தண்ணீருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி; கால் இன்னும் படவில்லை, அதனால் அங்கே தண்ணீர் கலையவில்லை, அவர் உருவம் தலைகீழாகத் தெளிவாக விழுகிறது. அவர் கால் வைத்துத் தாவிய ஏணி தண்ணீரில் கிடக்கிறது, அதைச் சுற்றி மட்டும் சிற்றலை. பின்சுவரில் ஒரு போஸ்டர். அதில் ஒரு நடனக்காரி எதிர்த்திசையில் கிட்டத்தட்ட அதே தாவலைத் தாவுகிறாள், அவளுக்கும் தண்ணீரில் ஒரு பிம்பம். வேலியோரம் இன்னொருவர் இது எதுவும் தெரியாமல் நிற்கிறார். இத்தனையும் நொடியின் ஒரு துளிக்குள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. போனில் பெருவிரல் தள்ளுகிற வேகத்தில் பார்த்தால், நனையாமல் போகப் பார்க்கும் ஒரு மனிதர் மட்டும்தான் தெரிவார்.

அவர் ஒதுக்கியவை என்னென்ன? ஃப்ளாஷ் கூடாது. ஆட்களை நிற்க வைத்து நடிக்கச் சொல்லக் கூடாது. பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றே போதும். எடுத்த பிறகு ஓரத்தை வெட்டக் கூடாது. நெகட்டிவ், அதாவது பிலிமில் பதிந்த மூலப் படம், முழுதாக வந்திருக்கிறது என்று காட்ட, பிரிண்டைச் சுற்றிக் கறுப்புக் கோடு தெரியும்படி விடச் சொல்வார். பளபளவென்று கண்ணில் படாமல் இருக்க, தன் லைக்கா கேமராவின் வெள்ளி நிறப் பகுதிகளில் கறுப்பு டேப் ஒட்டினார். வேடிக்கை என்னவென்றால், குதிக்கும் மனிதர் படமே வெட்டப்பட்டதுதான். வேலிப் பலகைகளின் இடுக்கில் லென்ஸை நுழைத்து எடுத்தார். ஒரு பக்கம் பலகை மறைத்ததால் அதை நீக்க வேண்டியதாயிற்று. அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட 'தீர்மானமான கணம்' என்ற சொற்றொடரையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். 1952-இல் வந்த அவர் புத்தகத்தின் பிரெஞ்சுத் தலைப்புக்கு 'அவசர அவசரமாக, திருட்டுத்தனமாக எடுத்த படங்கள்' என்பது போன்ற அர்த்தம்தான் வரும். உள்ளே மேற்கோளாக இருந்த ஒரு வரியிலிருந்து ஆங்கிலப் பதிப்பாளர் எடுத்து வைத்த தலைப்புதான் இப்போது உலகம் முழுக்கப் பேசப்படுவது. அந்தப் பேரைக் கேட்டுக் கேட்டு, சிறுத்தை மாதிரி பாய்ந்து எடுத்தார் என்று நினைக்கிறோம். அவர் ஆந்த்ரே லோத்திடம் ஓவியம் படித்தவர். முதலில் மேடையைக் கண்டுபிடிப்பார்: ஒரு படிக்கட்டு, ஒரு சுவர், ஒரு வளைவு. அப்புறம் நடிகர் வரட்டும் என்று காத்திருப்பார். அதே 1932-இல் இயேர் என்ற ஊரில் எடுத்த படத்தில் சுழல் படிக்கட்டின் கைப்பிடி அசையாமல் கிடக்கிறது. சைக்கிள்காரர்தான் வந்து போகிறார்.

இதைப் புரிந்துகொள்ள நான் ஒரு வருடம் 50 மி.மீ. தவிர வேறு லென்ஸைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். முதல் மூன்று மாதப் படங்களை யாரிடமும் காட்டியதில்லை. ஒரு நாள் நல்ல படிக்கட்டு ஒன்று கிடைத்தது, வெயில் சரியாக விழுந்தது, எதிரே நாற்பது நிமிடம் நின்றேன். கடைசியில் ஒரு நாய் வந்து, எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே நின்று, திரும்பியும் பார்த்தது. நான் அப்போது பிலிம் மாற்றிக்கொண்டிருந்தேன். படம் போனது போகட்டும், அவர் ஒரு படத்துக்குப் பின்னால் எத்தனை வெறும் காத்திருப்பு இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆன்செல் ஆடம்ஸ் இதற்கு நேர் எதிர்த் துருவம். பெரிய நெகட்டிவ், முக்காலி, மலை, பாறை, மேகம். உண்மையைச் சொன்னால் அவருடைய மலைகள் என்னை அவ்வளவாக அசைப்பதில்லை. என்னை இழுப்பது அவர் இருட்டறை, அதாவது பிலிமிலிருந்து பிரிண்ட் போடும் இடம். 'ஹெர்னாண்டஸில் நிலவு உதயம்' என்ற படத்தை நியூ மெக்சிகோவில் காரில் போய்க்கொண்டிருந்தபோது எடுத்தார். கல்லறைச் சிலுவைகள் மீது கடைசி வெயில். இதோ அதோ என்று போய்விடும் நிலை. கேமராவை அவசரமாக முக்காலியில் நிறுத்திவிட்டார், ஒளியை அளக்கும் லைட் மீட்டர் மட்டும் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளி அளவு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவர் மனதில் இருந்தது. அதைக் கொண்டு கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகள் மீதிருந்த வெயில் போய்விட்டது. இதில் ஒரு தமாஷ் உண்டு. எந்த வருடம் எடுத்தார் என்பதே அவருக்குச் சரியாக நினைவில்லை, ஆளுக்கொரு வருடம் சொல்லிவைத்தார். பிற்பாடு வானியலாளர்கள் படத்தில் நிலவு இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிட்டு, 1941 நவம்பர் 1 சாயங்காலம் என்று நிலைநாட்டினார்கள்.

அந்த ஒரு நெகட்டிவிலிருந்து ஆயிரத்துக்கும் மேல் பிரிண்ட் போட்டிருக்கிறார். ஆரம்பகாலப் பிரிண்டுகளில் வானம் சாம்பல் நிறத்தில், மேகக் கீற்றுகளோடு இருக்கும். வருடம் போகப் போக வானம் கறுத்துக்கொண்டே வந்து, கடைசிக் காலப் பிரிண்டுகளில் ஏறக்குறைய மையிருட்டு. இளமையில் பியானோ பயின்றவர் அவர். நெகட்டிவ் இசைக்குறிப்பு மாதிரி, பிரிண்ட் கச்சேரி மாதிரி என்பார். அப்போ எது 'உண்மையான' படம்? எடிட்டிங் செய்யாத படம்தான் நேர்மையான படம் என்று யாராவது உங்களிடம் வாதாடினால், இந்த வானத்தைக் காட்டுங்கள். அவர் அவசரத்தைத்தான் ஒதுக்கினார், எடிட்டிங்கை அல்ல.

என் மனதுக்கு மிக நெருக்கமானவர் யார் என்றால் சால் லைட்டர். 1923-இல் பிறந்தவர். ஓவியர் ஆகவேண்டும் என்று 1946-இல் நியூயார்க் வந்தவர், 1948 வாக்கில் கலரில் எடுக்கத் தொடங்கினார். கலர் என்றால் விளம்பரத்துக்கு, குடும்ப ஆல்பத்துக்கு என்று பெரிய கலைஞர்கள் மூக்கைச் சுளித்த காலம் அது. தேதி முடிந்துபோன பிலிமை மலிவாக வாங்கி எடுப்பார். நிறம் கொஞ்சம் தடம் மாறி வரும், அதை அவர் குறையாக நினைக்கவில்லை. உலகம் சுற்றவும் இல்லை, தன் வீட்டைச் சுற்றியுள்ள சில தெருக்களே போதும் என்று இருந்தார். அந்தக் கலர்ப் படங்களுக்குப் பெரிய அளவில் பெயர் வந்தது 2006-இல், அவர் எண்பதைத் தாண்டிய பிறகு. 2013-இல் போய்விட்டார்.

அவர் படத்தில் என்ன இருக்கும்? பெரும்பாலும் உங்களைத் தடுக்கும் ஏதோ ஒன்று. ஆவி படிந்த கண்ணாடி, பஸ் ஜன்னல், கடைக்கூரையின் கறுப்பு விளிம்பு. 1957 வாக்கில் எடுத்த ஒரு படத்தில் முக்கால்வாசி இடத்தை இருண்ட பலகை பிடித்துக்கொண்டிருக்கிறது. நடுவில் படுக்கைவசமாக ஒரு கீற்று, அந்தக் கீற்றுக்குள் தெரு முழுசும் ஓடுகிறது. எந்தப் பாடப்புத்தகமும் இதைச் சரி என்று சொல்லாது. ஆனால் கண் அந்தக் கீற்றுக்குப் போய் ஒட்டிக்கொள்கிறது, கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிற குழந்தை மாதிரி. இன்னொரு படம்: பனி மூடிய நடைபாதை, மேலிருந்து பார்க்கிறோம், ஒரு சிவப்புக் குடை, காலடித் தடங்கள். குடைக்குக் கீழே இருப்பவர் முகம் நமக்குக் கிடைப்பதே இல்லை. தெளிவு, முழுமை, முகம் ஆகிய மூன்றையும் இந்த ஆள் நம்மிடம் தர மறுக்கிறார், நாம்தான் மீதியை நிரப்ப வேண்டியிருக்கிறது. என்னிடம் படிக்க வருகிறவர்கள் பாதிப்பேர் இவரைப் பார்த்த மறுநாளே மழைக் கண்ணாடி வழியாக எடுத்துக்கொண்டு வருவார்கள். நானும் செய்தேன். கண்ணாடியும் மழையும் இருக்கும், படம் இருக்காது. அவர் கண்ணாடியைத் தேடிப் போகவில்லை. நிறத்தைத் தேடிப் போனார், கண்ணாடி வழியில் நின்றது. இது என் ஊகம்தான், ஆனால் அவருடைய ஓவியங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

டோரதியா லாங் வேறு ஜாதி. சான் பிரான்சிஸ்கோவில் வசதியானவர்களை எடுக்கும் ஸ்டுடியோ வைத்திருந்தவர், 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் தெருவுக்கு இறங்கினார். 1936-இல் கலிபோர்னியாவின் நிபோமோவில் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கையைக் கன்னத்துக்குக் கொண்டுபோன ஒரு பெண், மடியில் கைக்குழந்தை, இரு தோளிலும் இரண்டு பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? நாம் பார்க்க ஒரே ஒரு முகம்தான் மிச்சம், வேறெங்கும் தப்பிக்க முடியாது. அன்றைக்கு எடுத்த மற்ற படங்களையும் சேர்த்துப் பார்த்தால் அவர் வேலை செய்த விதம் புரியும்: தூரத்தில் கூடாரம் தெரிகிறது, அப்புறம் கொஞ்சம் கிட்டே, இன்னும் கிட்டே, கடைசியில் கூடாரமே காணாமல் போய் மனிதர்கள் மட்டும்.

இந்தப் படத்தில் உறுதியானதும் சந்தேகமானதும் பின்னிக் கிடக்கின்றன, அதனால் பிரித்தே சொல்கிறேன். அரசு நிறுவனத்துக்காக எடுத்தது என்பது உறுதி. ஓரத்தில் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரலைப் பிற்பாடு நெகட்டிவில் மழுப்பினார்கள் என்பதும் உறுதி. லாங் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் கழித்து, 1978-இல்தான் அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது வெளியே வந்தது. இந்தப் படத்தால் தனக்கு ஒரு பைசா வரவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றுவிட்டார்கள் என்று லாங் எழுதியதைக் குடும்பத்தார் மறுத்திருக்கிறார்கள். எனக்கு இப்போதும் பிடித்த படம்தான். ஆனால் பேரைக் கேட்காமல் வந்த அந்தப் பத்து நிமிடத்தை நினைக்காமல் பார்க்க முடிவதில்லை. யாரை எடுத்தாலும் பேரைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வழக்கம் எனக்கு இங்கிருந்து வந்ததுதான்.

போர்ட்ரெய்ட் எடுக்கிறவன் என்பதால் இர்விங் பென்னைச் சொல்லாமல் போனால் நன்றி கெட்டதனம். 1948-இல் ஸ்டுடியோவில் இரண்டு தட்டிகளைக் கூராகச் சேர்த்து ஒரு குறுகிய மூலை செய்தார், பிரபலங்களை அதற்குள் நிற்க வைத்தார். இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி, ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப், எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி என்று பலர். பின்னால் புத்தக அலமாரி, பூச்சாடி எதுவும் கிடையாது. உங்கள் அந்தஸ்தைச் சொல்ல ஒரு பொருளும் பக்கத்தில் இல்லையென்றால், உடம்பு பேச ஆரம்பித்துவிடும்: சிலர் சுவரில் கைகளை ஊன்றுவார்கள், சிலர் ஒடுங்குவார்கள். இரண்டு பிளைவுட் பலகையை வைத்து நானும் செய்து பார்த்திருக்கிறேன். பாணியைக் காப்பியடிக்க முடியாது என்பார்கள். இதை அடிக்கலாம், வேலை செய்கிறது. ஆனால் அவருடைய ஃபேஷன் படங்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அந்த உலகில் நான் வேலை செய்ததில்லை, என் ரசனையும் அங்கே பழகவில்லை.

இந்தியக் கண் என்று ஒன்று உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். ரகு ராயையும் ரகுபீர் சிங்கையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டு பேரும் 1942-இல் பிறந்தவர்கள், எடுத்தது பெரும்பாலும் ஒரே தேசம். ஆனால் 'ஒரு கண்' என்று சொல்ல விடமாட்டார்கள். ரகு ராயை 1977-இல் மேக்னம் என்ற புகைப்படக் கலைஞர்கள் அமைப்புக்கு முன்மொழிந்தவர் கார்ட்டியே-பிரெஸ்ஸோன். 1966-இல் ஜெய்ப்பூரில் அதே கார்ட்டியே-பிரெஸ்ஸோன் வேலை செய்வதைக் கிட்டே நின்று பார்த்தவர் ரகுபீர் சிங். கூட்டத்தை எப்படிச் சட்டத்துக்குள் அடுக்குவது என்று அவரிடம் கற்றார், கறுப்பு வெள்ளையை மட்டும் ஏற்கவில்லை. இந்திய வாழ்க்கையைக் கலர் இல்லாமல் சொல்ல முடியாது என்பது அவர் கட்சி. கடைசிக் காலத்தில் அம்பாஸடர் காரின் ஜன்னலும் கதவும் கண்ணாடியும் சட்டத்தைக் கூறு போட, ஒவ்வொரு கூறிலும் ஒரு தனிக் கதை ஓடுவது போல எடுத்தார். குருவிடம் எதை வாங்கிக்கொண்டார், எதை வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்தார் என்பது இவ்வளவு துல்லியமாகத் தெரிகிற வேறொருவர் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

செபஸ்தியோ சல்காடோ விஷயத்தில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. பொருளாதாரம் படித்தவர், 2025-இல் காலமானார். 1986-இல் பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் எடுத்த படங்களில், சேறு அப்பிய ஆயிரக்கணக்கான ஆட்கள் மூட்டை சுமந்து ஏணியில் ஏறுகிறார்கள். எறும்புப் புற்றைத் திறந்து பார்த்த மாதிரி இருக்கும். துன்பத்தை இவ்வளவு அழகாகக் காட்டலாமா என்று அவரை விமர்சிக்கிறவர்கள் உண்டு, அதில் நியாயம் இருக்கிறது. அழகாக இல்லையென்றால் நாம் அந்தச் சுரங்கத்தைத் திரும்பிப் பார்த்திருப்போமா என்பதும் நியாயம்தான். போர்க்களப் படங்களுக்குப் பேர்போன ராபர்ட் காப்பாவில் சந்தேகம் வேறு வகை. 1944 ஜூன் 6 அன்று, இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் அவர் எடுத்தவற்றில் பத்துப் பதினொன்றுதான் மிஞ்சியது, மீதி இருட்டறையில் சூடு அதிகமாகி உருகிப்போனது என்பது பிரபலமான கதை. அந்தக் கதை இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது, மீதி என்று ஒன்று இருந்திருக்கவே வாய்ப்பில்லை என்று ஆராய்ந்தவர்கள் வாதாடுகிறார்கள். மிஞ்சிய படங்களின் அந்த நடுக்கத்தை எந்த ஆராய்ச்சியாலும் எடுத்துவிட முடியாது.

விவியன் மையர் பற்றிப் பேசும்போது மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர், 2009-இல் இறந்தார். அதற்கு இரண்டு வருடம் முன்பு அவர் பொருட்கள் ஏலத்துக்குப் போனபோதுதான் நெகட்டிவ்கள் வெளியே வந்தன. மொத்தம் லட்சத்துக்கும் மேல். ரோலிஃப்ளெக்ஸ் என்ற, மேலிருந்து பார்க்கும் கேமராவை வயிற்றருகே பிடித்து, குனிந்து பார்த்து எடுப்பார், அதனால் ஆட்கள் சற்றே நிமிர்ந்து, கம்பீரமாகத் தெரிவார்கள். இது கருவியிலிருந்து வருவது, இதை உறுதியாகச் சொல்லலாம். ஆனால் பாணி என்பது எதை வைத்துக்கொள்கிறோம், எதைக் கழிக்கிறோம் என்பதிலும் இருக்கிறது. அவர் பல பிலிம் ரோல்களைக் கழுவிப் பார்க்கக்கூட இல்லை. நாம் பார்ப்பது அவர் எடுத்து, வேறு யாரோ பொறுக்கிய படங்கள்.

கடைசியாக, லைக்கா வாங்கினால் இதெல்லாம் சுலபமாக வருமா என்று கேட்டிருந்தீர்கள். மையர் வைத்திருந்தது ரோலிஃப்ளெக்ஸ், லாங் தூக்கிச் சுமந்தது கனமான கிராஃப்ளெக்ஸ், லைட்டர் போட்டது தேதி முடிந்த பிலிம். இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். இவர்களில் ஒரே ஒருவருடைய படம் இருபதை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் என்ன இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆறேழு வரி வந்ததும், அதில் ஒன்றை மட்டும் ஒரு மாதத்துக்கு நீங்களும் விட்டுவிட்டு எடுத்துப் பாருங்கள். எதை விடுவது என்று தெரியவில்லையென்றால், ஜூமை விடுங்கள். உங்கள் ஜூம் லென்ஸை 50-இல் வைத்து, சின்ன சென்சார் கேமரா என்றால் 35-இல் வைத்து, வளையம் நகராதபடி மேலே டேப் ஒட்டிவிடுங்கள். கறுப்பு டேப்பாகவே இருக்கட்டும்.